பெனிசிலினுக்கு அடங்காத கிருமி

"மதினி, யாருன்னு தெரிஞ்சிட்டா?"

தூத்துக்குடி ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூட வாசலில் கைக்குழந்தையோடு நின்றான் சத்தியராஜ். உள்ளே உதவியாளர் இன்பமணி கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்தபடி நின்றாள்.

அவளுடைய தங்கையும் சத்தியராஜின் மனைவியுமான ஜெபகனி பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் இறந்து ஒரு வாரமாகிறது. உலகச் சண்டை முடிந்தபின் வந்த அதிசய மருந்தென்று பெனிசிலினைக் கப்பலில் தருவித்துப் போட்டார்கள். கிருமி அசையவே இல்லை. வார்டுக்கு வந்துபோன யாரோ ஒருவர் மூக்கில்தான் அது குடியிருக்க வேண்டும் என்று டாக்டர் எல்லோருடைய மூக்கிலும் மாதிரி எடுத்து ஆளுக்கொரு தட்டில் வளர்க்கச் சொன்னார். மற்றத் தட்டுகளில் பெனிசிலினைச் சுற்றிக் கிருமி செத்துக் கிடந்தது. ஒரு தட்டில் மட்டும் மருந்தை ஒட்டியே செழித்து வளர்ந்திருந்தது.

"அந்த ஆயா செண்பகம்தானே? சொல்லுங்க, அவளைச் சும்மா விடமாட்டேன்."

"அவ இல்ல தம்பி. அவளை ஒண்ணும் சொல்லிராதீங்க."

"பின்ன யாரு?" அவன் ஓரடி உள்ளே வந்தான். "எல்லாரும் எட்டி நின்னாவ. நீங்கதான் அவ முகத்தோட முகம் வச்சுப் பாத்துக்கிட்டீங்க. இனி இவளுக்கும் நீங்கதான் அம்மை. இந்தாங்க, பிடிங்க."

குழந்தை வீறிட்டது. இன்பமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒதுங்கினாள்.

"என்ன மதினி?"

முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

"அங்கனயே நில்லுங்க தம்பி. அந்தக் கிருமி இருக்கது என் மூக்குல."