வீட்ல கேட்டுச் சொல்றேன்

பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவரைக் கூப்பிட்டு, பிரிவுத் தலைவர் பதவி தருவதாகச் சொன்னார் மேனேஜர். தனி அறை, கூடுதல் சம்பளம்.

துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், மனுஷர் தலையைச் சொறிந்தார்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன் சார்."

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதையுமா? டூருக்குக் கூப்பிட்டாலும் வீடு, சங்கத்துல செயலாளரா நிக்கச் சொன்னாலும் வீடு. உங்களுக்குன்னு ஒரு ஆசையே கிடையாதா?"

"ஆசை இருக்கு சார். ஆனா வீட்ல..."

"விடுங்க. இன்னைக்கு நானே வந்து பேசறேன்."

சொன்னபடியே சாயங்காலம் போனார். வீட்டுக்காரம்மா "வாங்க" என்றதோடு சரி, உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அந்தப் பதவியெல்லாம் இவருக்கு வேணாங்க."

"சம்பளம் கூடுதும்மா."

"கூடவே சர்க்கரை வியாதியும் வரும்."

"இப்ப நாள் பூரா பிஸ்கட்தானே திங்கறார்? அதுல வராததா?"

"அது உழைப்பு. சும்மா உட்கார்ந்து கையெழுத்துப் போடறதுதான் உடம்புக்கு ஆகாது."

மேனேஜருக்கு மலைப்பாக இருந்தது. "அவருக்கு என்ன வேணும்னு அவரையே கேட்டுடலாமே?"

"அவரை எதுக்குக் கேக்கணும்? நான்தான் இருக்கேனே."

கணவர் குனிந்த தலை நிமிரவில்லை.

வாசல் வரை வந்தவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார் மேனேஜர். "பதவியை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். நீங்க மனசைத் தளர விடாதீங்க. என்ன பண்றது, நல்ல மனுஷங்களுக்குத்தான் இப்படி வந்து வாய்க்குது." பாவம், மேனேஜருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கதவைச் சாத்தியதும் ருசி பார்ப்பவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"பிரமாதம். மத்தியானம் போன்ல சொல்லிக் கொடுத்ததுக்கு மேலயே பேசிட்டே. அந்த பிஸ்கட்டை விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்லை."

"அதை நீங்களே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

அவள் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

"எனக்கென்னவோ நீங்க அந்தத் தனி ரூம்ல உட்காரணும்னுதான் ஆசை. என்ன செய்ய? இந்த வீட்ல வாய் மட்டும்தான் என்னுது. முடிவெல்லாம் உங்களுது."