ஒரு படி தளர்த்தி

"அவ வர்றதுக்குள்ள முடிச்சுடுவீங்களா?" என்று லிஃப்ட்காரர் மூன்றாம் முறையாகக் கேட்டார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். தலை நரைத்தவர், பல வீடுகளைப் பார்த்தவர். "பதறாதீங்க சார். இந்த மாதிரி விளம்பரம் வராத வீடே இல்ல. நான் வெளியில மூச்சு விடமாட்டேன்."

"நீங்க நினைக்கிற மாதிரி இல்ல."

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் லிஃப்ட்காரர்தான்.

திரையில் செய்திப் பக்கம் ஒன்று திறந்தது. வலது ஓரத்தில், முடி கொட்டியவர்களுக்கான விக். கீழே, வீட்டுக்கே வாடகைக்கு வரும் ஆஸ்பத்திரிக் கட்டில். அதற்கும் கீழே ஒரு நர்ஸ், 'கடைசி நாட்களில் நாங்கள் துணை' என்று புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

ரிப்பேர்காரரின் சிரிப்பு அடங்கியது. "யாருக்கு சார்?"

"என் வீட்டுக்காரிக்கு. அவகிட்ட இன்னும் சொல்லல."

பத்து நாட்களுக்கு முன்பு டாக்டர் அவளை எடை பார்க்கப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அந்த இரண்டு நிமிடத்தில் இவரிடம் சொல்லி முடித்துவிட்டார். ஆறு மாதம். முன்னே பின்னே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நோயின் பெயரை ஒற்றை விரலால் தட்டித் தேடினார். ஒரு தடவைதான். மறுநாளிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அது கூடவே வந்தது. தினமும் சாயங்காலம் அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் குறுக்கெழுத்துப் போடுவாள். பார்த்தாளா, இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

"நாம எதைத் தேடறோமோ அதைத்தான் காட்டும் சார்."

"இதை நான் தேடலையே." லிஃப்ட்காரரின் விரல் திரையின் மூலைக்குப் போனது. ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கிற குட்டிக் குக்கர்.

"ஒண்ணைத் தேடினா பத்தை நம்ம தலையில கட்டப் பார்க்கும். அதையெல்லாம் கணக்குல எடுக்காதீங்க."

விளம்பரத் தடுப்பு ஏறியது. விக் போனது, கட்டில் போனது, நர்ஸ் போனாள். அவை இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை.

குறுக்கெழுத்துப் பக்கத்தைத் திறந்தார்கள். அதுவும் வெள்ளை. ஒரு கட்டம்கூட இல்லை.

"இது வரலேன்னா ஏன்னு கேட்பா. எனக்குப் பொய் சொல்ல வராது."

"முழுசா இறுக்கினா சில பக்கம் மூச்சு முட்டிப் போயிடும் சார். மேல கேடயம் மாதிரி ஒரு குறி இருக்கு பாருங்க. அதை அமுக்கி, இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு படி தளர்த்திட்டாப் போதும்."

அமுக்கினார். கட்டங்கள் வந்தன. விளம்பரம் வரவில்லை.

"லிஃப்ட் பிரேக் மாதிரி," என்றார் லிஃப்ட்காரர். "ரொம்ப இறுக்கினா பெட்டி நகராது."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்ல." ரிப்பேர்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

கால் மணி நேரத்தில் மனைவி தையல்கடையிலிருந்து வந்தாள். பையில் அளவு குறைத்துப் பிடித்துத் தைத்த அவளுடைய நாலு ரவிக்கைகள்.

"உடம்பு எப்படிக்கா இப்படி இளைச்சது, ரகசியத்தைச் சொல்லுன்னு தையல்காரி உயிரை எடுத்துட்டா. சொன்னா நீ கடையை மூடிட்டு என் பின்னாடியே வந்துடுவேன்னேன்."

அவர் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்றார். குறுக்கெழுத்து ஒழுங்காக வந்தது.

"என்ன, பளிச்சுன்னு இருக்கு?"

"சுத்தம் பண்ணச் சொன்னேன். கண்டதும் வந்து நிக்குதுன்னு."

"நல்லதுதான். கண்ணுக்கு இதமா இருக்கு."

அவ்வளவுதான். அவள் மேலிருந்து கீழ் ஏழாவதை யோசிக்க ஆரம்பித்தாள். பத்து நாளில் முதல் தடவையாக அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, இந்தப் பக்கம் மட்டும் வரமாட்டேங்குது. நேத்து வந்துச்சே."

எழுந்து போனார். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இதற்குத்தான் வழி தெரியுமே. அவள் தோளுக்கு மேல் கையை நீட்டி, கேடயத்தை அமுக்கி, ஒரு படி தளர்த்தினார்.

பக்கம் திறந்தது.

'தனியாக வாழும் ஆண்களுக்கான சமையல் வகுப்பு: விண்ணப்பம்.' பெயர் அவருடையது. வயது அவருடையது. முகவரி இந்த வீடு. எந்த மாதம் சேருகிறீர்கள் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"அடுத்த மாசம் பார்த்துக்கலாமே," என்றார் கடைசியில்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த மாசமே சேருங்க. உப்பு சரியா இருக்கான்னு சொல்ல நான் இருக்கணும்ல."