தலையாட்டாத லென்ஸ்

'நோ டிஸ்க்' என்றது டிவிடி பிளேயர், டிஸ்க்கை வாயில் வைத்துக்கொண்டே.

லிஃப்ட் மெக்கானிக் தட்டை வெளியே வரவழைத்து டிஸ்க்கை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. பனியன் நுனியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைத்தான். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் டிஸ்க்கின் தடத்தோடு சேர்ந்தே ஓடி, படிக்கவிடாமல் செய்துவிடும். குறுக்கே விழுந்த கீறலை பிளேயர் எப்படியாவது தாண்டிவிடும்.

மறுபடி உள்ளே தள்ளினான்.

'நோ டிஸ்க்.'

"உள்ளதானேடா இருக்கு!" என்று அதைப் பார்த்துக் கத்தினான்.

பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி, வலது கையை ஒரு தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டு பிரித்த கை. மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் விறைத்து நின்றுவிட்டன.

அவள் தையல்காரி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஓர் ஊசியைப் பிடிக்காவிட்டால் அவளுக்குத் தொழில் இல்லை. டாக்டரம்மா கொடுத்த விரல் பயிற்சி அந்த டிஸ்க்கில் இருந்தது. தினமும் காலையில் செய்தே ஆக வேண்டும், இப்போது விட்டால் விரல்கள் அப்படியே இறுகிவிடும் என்று சொல்லியிருந்தார்.

அதற்காகவே வாங்கிய பிளேயர். வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.

முதலில் தட்டு வெளியே வர மறுத்தது. ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்றினான். அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. திறந்து பார்த்தால் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு. மிளகளவுக் கண்ணாடி அது, துளி எண்ணெய் பட்டாலும் கண் தெரியாது. சமையல் புகைதான் காரணம் என்று, துடைத்துவிட்டுப் பிளேயரை எதிர்மூலைக்கு மாற்றினான். மறுநாள் அங்கேயும் பிசுக்கு.

கடைக்காரரிடம் போனால், "டிஸ்க் சரியில்ல சார்" என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டால், "உங்க பிளேயர் சரியில்ல" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் பந்தாடினார்கள்.

"விட்டுத் தள்ளுங்க" என்றாள் மனைவி. "நீங்க பாக்குற லிஃப்ட்டும் இப்படித்தான் நடுவழியில நிக்குமா? ஏறுறவங்க பாவம்."

"லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு நான் கண்டுபிடிச்சிடுவேன். இதுக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு."

"அதுல ஒரு அக்கா வருவாளே, 'சபாஷ், இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு பல்லைக் காட்டிக்கிட்டு. வலி அவளுக்கா எனக்கா? ஒரு நாள் அவ மூஞ்சியப் பாக்கலைன்னா குடியா முழுகிடும்?"

"வலிக்குதுன்னு விட்டா விரல் மடங்காதும்மா."

அவள் இடது கையால் தலையணையைத் தள்ளிவிட்டு, காபி போடப் போனாள்.

அவன் பிளேயரின் மூடியைத் தூக்கினான். தினமும் திறக்கிற பெட்டிக்கு ஸ்க்ரூ எதற்கு என்று, மூடியை இப்போதெல்லாம் சும்மா கவிழ்த்துத்தான் வைக்கிறான்.

வெறும் தட்டை உள்ளே அனுப்பிவிட்டு, லென்ஸைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தான். லேசர் கண்ணைக் கெடுக்கும், நேராகப் பார்க்கக் கூடாது.

தட்டு மூடியதும் லென்ஸ் மெல்ல எழும்பும், இறங்கும், மறுபடி எழும்பும். இருட்டில் கையை நீட்டிச் சுவரைத் தேடுவதுபோல, டிஸ்க் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடும். அழுக்குப் படிந்த லென்ஸும் இப்படித் தலையாட்டத்தான் செய்யும்.

இன்று தலையாட்டவே இல்லை.

அப்படியென்றால் அதற்குக் கரன்ட்டே போகவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லென்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் வெள்ளைப் பட்டை வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். அதன் முனை செருகியிருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பக்கத்தில் சாதுவாகப் படுத்திருந்தது.

நேற்று மாலை அவனே செருகி, ஓட்டியும் பார்த்திருந்தான்.

அந்த வயர் தானாகக் கழலாது. சூட்டுக்கும் கழலாது, அதிர்வுக்கும் கழலாது. அதைப் பிடித்திருக்கும் பூட்டின் இரு பக்கமும் எறும்பளவில் இரண்டு காதுகள். அவற்றைக் கட்டைவிரல் நகமும் சுட்டுவிரல் நகமும் கொடுத்து ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். அமுக்கியபடியே, இன்னொரு கையின் இரண்டு விரல்களால் வயரைக் கிள்ளிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எந்தக் கை எதைச் செய்தாலும் சரி, இரண்டு கையும் கிள்ளியே ஆக வேண்டும்.

காது ஒடியவில்லை. வயரில் ஒரு மடிப்புகூட இல்லை.

அந்த வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டே பேர்.

"என்னங்க, இன்னைக்கும் ஓடாதா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. அதில் கவலை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

கோபத்தில் திட்ட வாயெடுத்தான். பூட்டின் இரண்டு காதுகளையும் மறுபடி பார்த்தான், ஊசியைப் பிடிக்கிற அதே இரண்டு விரல்.

"ஓடாது. சனியன் பிடிச்ச பெட்டி" என்றான், குரலில் எரிச்சல் குறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு.

வயரைச் செருகி, பூட்டை வழக்கத்தைவிட இறுக்கமாக அழுத்தினான். ஓட்டிப் பார்க்கவில்லை.

மூடியைக் கவிழ்த்தான். நான்கு ஸ்க்ரூவையும் தேடியெடுத்து, கடைசிச் சுற்றுவரை முறுக்கினான்.

பிறகு பிளேயரின் வலது பக்கத்தில், அவள் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து, ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.