ஒரு சொட்டு விடாமல்

"மருந்தை முழுசாக் குடிச்சீங்களா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஒரு சொட்டு விடாம குடிச்சேன்மா" என்றேன்.

"பொய்" என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து என் பொய்களுக்கெல்லாம் அவள்தான் காவல். பஸ் டிப்போவிலிருந்து போன் வந்தால், "வண்டி ஓட்டுற நிலைமையில இல்லைங்க, காய்ச்சல் கொதிக்குது" என்பாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்சூரன்ஸ்காரர் வந்தால் வெளியூர் போயிருக்கிறேன் என்பாள். நான் பீரோவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்படிப்பட்டவள், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் அறையின் வாசலில், முதுகுப் பக்கம் திறந்த அங்கியோடு நான் நிற்கும்போது காலை வாரிவிட்டாள்.

அவள் சொன்னது உண்மைதான். குடலைச் சுத்தமாக்க இரண்டு ஜக்கு மருந்துத் தண்ணீர். முந்தின நாள் மாலை ஒன்று, விடியற்காலையில் ஒன்று. முதல் ஜக்கு ஒருவழியாக உள்ளே போனது. இரண்டாவதை, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன்.

என் அண்ணனைக் குடல் புற்றுநோய் கொண்டுபோன பிறகு, நானும் சோதித்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். வந்ததே பெரிது என்பது என் நினைப்பு.

டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். வீடு வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

மறுபடி முதலிலிருந்து இரண்டு ஜக்கு. இந்தத் தடவை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மயக்கம் தெளிந்ததும் டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். குடலின் மடிப்புக்குப் பின்னால், சுவரோடு சுவராக, தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு வளர்ச்சி.

"எடுத்தாச்சு. விட்டிருந்தா புற்றா மாறக்கூடிய வகை. நேத்தே பார்த்திருந்தா அந்தக் கலங்கல்ல இது என் கண்ணுலயே பட்டிருக்காது. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

அண்ணன் முகம் வந்து போனது. மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சும்மா இருங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

டாக்ஸியில் திரும்பும்போது கேட்டேன். "நீதான் தூங்கிட்டிருந்தியே. நான் ஊத்தினதை எப்படிப் பார்த்தே?"

"நான் எங்கே பார்த்தேன்? முதல் ஜக்குக்கு, 'கொல்றாளே, கொல்றாளே'ன்னு நீங்க போட்ட கூச்சல் மாடிவீடு வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டாவது ஜக்குக்கு என் தூக்கம்கூடக் கலையலையே."

வீட்டுக்கு வந்ததும் ஒரு மாத்திரையும் தண்ணீரும் நீட்டினாள்.

"ஐயோ, கசக்குதே" என்று கத்தினேன். மாடிவீட்டுக்குக் கேட்கும்படி, கொஞ்சம் கூடுதலாகவே.