தாமரை இலை மட்டம்

மலைக்கு அப்பால் இருந்த வறண்ட நாட்டிலிருந்து யானைகள் குளத்தைத் தேடி வந்தன. "தண்ணீர் கொடுங்கள், அத்திப்பழம் தருகிறோம்" என்றன.

மீன்களுக்குத் தலைவரான விரால் நெடுநேரம் யோசித்தார். "தாமரை இலை தண்ணீரைத் தொட்டிருக்கும் வரை எடுத்துக்கொள்ளுங்கள். இலை அந்தரத்தில் நின்றால் நிறுத்திவிட வேண்டும்."

யானைகள் தலையாட்டின. அவை வார்த்தை தவறாதவை.

நாள்தோறும் பழங்கள் மிதந்து வந்தன. சின்னக் கெண்டைக்கு மட்டும் அவை தொண்டையில் இறங்கவில்லை.

"தலைவரே, நாம் ஒளிந்து விளையாடிய படிக்கட்டு வெளியே காய்ந்து கிடக்கிறது."

"பயந்தாங்கொள்ளி! மேலே பார். இலை தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது?"

தொட்டுக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் இறங்க இறங்க, இலையும் தண்டை வளைத்துக்கொண்டு கூடவே இறங்கியது.

ஒரு காலையில் விராலின் வயிறு சேற்றில் உரசியது. அதே நேரம் அவர் முதுகின்மேல் ஏதோ குளிர்ச்சியாகப் படிந்தது. இலை.

கெண்டை அவரை ஒட்டிக்கொண்டது.

"போதும், ஐயா, நிறுத்துங்கள்!" என்று கத்தினார் விரால்.

யானை குனிந்து, துதிக்கை நுனியால் இலையின் அடியைத் தடவிப் பார்த்தது.

"இன்னும் நனைந்துதான் இருக்கிறது, தலைவரே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உறிஞ்சத் தொடங்கியது.