வலிக்காமல் ஓட்டிய இன்ஜின்

மத்தியான வெயிலில் ஹேங்கரின் தகரக் கூரை படபடக்கிறது. ஃப்ளையிங் கிளப்பின் ஒரே சிறு விமானத்தின் வயிற்றில் கறுப்பாக எண்ணெய் வழிந்திருக்கிறது. புதிதாக மாட்டிய இன்ஜினை இப்போதுதான் அணைத்த மெக்கானிக் அகஸ்டின் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கிறான். காலையில் நிறைய ஊற்றிய எண்ணெய் கம்பியின் நுனியை மட்டும் நனைத்திருக்கிறது. சாந்தோமிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்த மனைவி மர்சலின், "என்னைவிட இதைத்தானே தாங்குனீங்க! இன்னா ஆச்சு இதுக்கு?" என்கிறாள். "தாங்குனதுதான் தப்பு, மர்சி. புது இன்ஜினை மொதல்லயே முழு வேகத்துல விரட்டணும். அப்பதான் உள்ள எல்லாம் தேஞ்சு இடுக்கில்லாம பொருந்தும். தெரிஞ்சும் மனசு வரல, மெதுவாவே ஓட்டிட்டேன். இனிமே எண்ணெயைக் குடிச்சிக்கினேதான் இருக்கும். பிரிச்சு சரிபண்ண காசும் இல்ல, வேற பிளேனும் இல்ல, கிளப்பை மூடிடுவாங்க." கூடை அவள் கையிலேயே இருக்கிறது. அவன் துணியை எடுத்து, சூடு ஆறாத இன்ஜினைத் துடைக்கிறான், இப்போதும் அதற்கு வலித்துவிடக் கூடாது என்பதுபோல.