முதல் கரண்டி

"நாளைக்கு ரிசல்ட் வந்துரும்ப்பா. அதுவரைக்கும் யாரும் பானையைத் தொட வேண்டாம்" என்றாள் லான்யிங். அவள் கையில் இருந்த சின்னக் குப்பியில் குழம்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அப்பா டுவான் சிரித்தார். "குளிர்காலத் திருநாள் இன்னைக்கும்மா. நாளைக்குத் தின்னா அதுக்குப் பேரு பழசு."

பானைக்குள் பன்றிக்காலும் வச்சநாபிக் கிழங்கும் நேற்று சாயங்காலத்திலிருந்து வெந்துகொண்டிருந்தன. சீனாவின் யுன்னான் மலைப்பக்கத்தில் இந்த நாளில் இதைச் சமைக்காத வீடு குறைவு. நன்றாக வெந்தால் குளிர் அண்டாது, மூட்டு வலி வராது என்பார்கள். வேகாமல் போனால் கிழங்கின் விஷம் நெஞ்சைப் பிடித்து நிறுத்திவிடும். விறகை நம்பித்தான் இத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

லான்யிங் நகரத்து ஆஸ்பத்திரியில் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். போன வருஷம் பக்கத்து ஊர்ப் பானை ஒன்றைச் சோதித்தவள் அவள்தான். சோதனை முடிவதற்குள் அந்த வீட்டில் மூன்று பேர் போய்விட்டார்கள்.

"எதுக்கு இவ்வளவு பயப்படுறே? வருஷா வருஷம் தின்னுறதுதானே?" என்றார் டுவான்.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க."

அண்ணி சுன்யென் தலையைக் குனிந்துகொண்டாள். "விடிகாலையில கண் அசந்துட்டேன் மாமா. விறகு ஈரம். எப்போ அணைஞ்சுதுன்னே தெரியல. பானை ஆறிப்போய்க் கிடந்துச்சு. பதறிப்போய்ப் பச்சைத் தண்ணி வேற ஊத்திட்டேன்."

நெருப்பு அணையக்கூடாது, பச்சைத் தண்ணீர் படக்கூடாது. இந்தச் சமையலுக்கு இருப்பதே அந்த இரண்டு விதிதான். இரண்டும் போயிற்று.

"கொட்டிரலாம்ப்பா" என்றான் அண்ணன் டாஹாய்.

"கொட்டுறதா? அப்புறம் முதல் கரண்டி எதுக்குடா இருக்கு?" டுவான் சட்டையின் கையை மடித்தார். "எங்கப்பன் முதல் கரண்டியிலதான் போனாரு. நாங்க எட்டுப் பேரு பொழைச்சோம். அதுக்குத்தான் வீட்டுக்கு மூத்த ஆம்பளை முதல்ல தின்னுறது."

"நான் தின்னுறேன்ப்பா. நீங்க இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கீங்க" என்றான் டாஹாய்.

"நான் படுத்துட்டா அப்புறம் உன் முறை. இப்ப என்ன அவசரம், என் நாற்காலி மேல கண்ணா?"

இலையுதிர் காலத்தில் கொட்டிலில் மயங்கி விழுந்து, கை கால் வராமல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். இப்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக் காட்டினார். "பாரு, கை வந்துருச்சு. கால் வந்துருச்சு. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னா, இந்த வீட்டுக்கு என் நாக்குதான் பதம்."

"அது சோறுப்பா. இது விஷம்" என்றாள் லான்யிங். அதற்குள் அவர் கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டார்.

இனி அரை மணி நேரம். விஷம் மிச்சம் இருந்தால் முதலில் நாக்கில் ஊசி குத்தும், பிறகு மரத்துப்போகும். லான்யிங் படித்த பாடப்புத்தகத்திலும் அதே சோதனைதான் இருந்தது. அப்பாவின் நாக்கு அவளைவிட முந்தியே பட்டம் வாங்கியது என்று கூடப் படித்தவர்களிடம் பெருமை அடித்தவள் அவள்.

சுன்யென் தேநீர் கொண்டுவந்தாள். லான்யிங் கிண்ணத்தைத் தொட்டதும் விரலை உதறினாள். டுவான் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

"வாய் வேகலையாப்பா?"

"மலைக்காரன் வாய்டி இது. உன்னை மாதிரி டவுன் வாயா?"

சுன்யென் மூலையில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அரை மணி முடிந்து, மேலே பத்து நிமிஷமும் ஆயிற்று.

"குத்துதாப்பா?"

"இல்லை."

"மரத்திருக்கா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"எத்தனை தடவை கேப்பே? நாக்கு எப்பவும்போலத்தான் இருக்கு. அழாதே சுன்யென், கிண்ணம் எடுத்து வை."

லான்யிங் குப்பியைப் பைக்குள் வைத்தாள். அப்பா சொன்ன பிறகு என்ன? அவளும் உட்கார்ந்தாள். கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. கிழங்கு மாவாகக் கரைந்தது. டாஹாய் இரண்டாவது கிண்ணம் வாங்கினான். சுன்யென்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் தின்றாள். டுவான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி கறியைக் கடித்து மென்றுகொண்டிருந்தார்.

டாஹாய் திடீரென்று உதட்டைத் தேய்த்தான். "லான்யிங், எனக்கு மட்டுமா உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு?"

சுன்யென் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. லான்யிங்குக்கும் நாக்கு நுனியில் ஊசி ஏறத் தொடங்கியிருந்தது. அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

அவருடைய கிண்ணத்தில் சிவப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா! நாக்கைக் கடிச்சிருக்கீங்க. ரத்தம் ஊத்துது!"

"நானா?" டுவான் வாயைத் துடைத்து, கையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"கையும் காலும் வந்துச்சும்மா. நாக்கு மட்டும் அன்னைக்கு மரத்தது மரத்ததுதான்" என்றார். "சொல்லியிருந்தா, முதல் கரண்டியை உங்க அண்ணனில்ல தின்னிருக்கணும்?"